அவங்கட கதையா, நம்மட கதையா? ஒரு படக்கதைப் புத்தகத்தின் நீண்ட பயணம்

போன நோன்பு லீவுல ஏறாவூரில் எங்கட தெருப் பிள்ளைகளுக்காகச் சின்னதா ஒரு வாசிப்பு மூலை போட்டோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒரு வீட்டு விறாந்தை, ரெண்டு பாய், அங்க இங்க சேர்த்த நாற்பது புத்தகங்கள். அஸருக்குப் பிறகு வந்து நோன்பு திறக்கும் வரைக்கும் வாசிக்கலாம், விரும்பினால் ஒரு புத்தகம் வீட்டுக்கும் கொண்டு போகலாம். பிள்ளைகள் முதலில் கை வைத்ததெல்லாம் படம் உள்ள புத்தகங்களில்தான். அதிலும் மிருகங்கள் உள்ள படம் என்றால் இழுபறி. சிங்கம், நரி, குரங்கு, முதலை. எழுத்து நிறைந்த புத்தகங்கள் எல்லாம் அடுக்கினபடியே கிடந்தன.

மூன்றாம் நாள் எட்டு வயசுப் பிள்ளை ஒன்று பஞ்சதந்திரப் படக்கதைப் புத்தகத்தைக் கொண்டு போனாள். அடுத்த நாள் அவளுடைய உம்மா அதைக் கொண்டு வந்து தந்தார். கோபம் எல்லாம் இல்லை. புத்தகத்தைத் துடைத்து, பையில் போட்டு, மரியாதையாகத்தான் தந்தார். "இது அவங்கட கதை மகன். முதல் பக்கத்திலயே ஐயர் ஒராள் இருக்காரு. நம்மட புள்ளைக்கு வேற ஏதும் இருந்தாத் தாங்க." பிள்ளை உம்மாவின் பின்னால் நின்று புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "சரி மாமி" என்று சொல்லி வாங்கி வைத்தேன். அப்போது என்னிடம் சொல்ல வேறு பதில் இல்லை.

கெம்பஸ் தொடங்கினதும் வந்தாறுமூலையில் கன்டீனில் இருந்து இதை ஒரு கூட்டாளிக்குச் சொன்னேன். அவன் செங்கலடிப் பக்கம். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அவ சொன்னதும் சரிதானே மச்சான். பஞ்சதந்திரம் எங்கட சாமான்தானே. உங்கட ஆக்களும் அதப் படிக்கிறதா?"

ரெண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் வேண்டாம் என்று சொல்கிறார், மற்றவர் உரிமையோடு சொல்கிறார். கதைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் வேலியின் ஒரு பக்கம்தான் இருக்கிறார் என்பதில் ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் அப்போது பெரிதாகச் சந்தேகம் இருக்கவில்லை. பிறகு கலை கலாசார பீடத்து நூலகத்தில் ரெண்டு மாதம் இதைத் தேடித் தேடி வாசித்தேன். அந்த மாமிக்கும் அந்தக் கூட்டாளிக்கும் சேர்த்து எழுதுகிற பதில் இது.

எல்லாருக்கும் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். விஷ்ணுசர்மா என்ற ஆசிரியர், படிப்பு ஏறாத மூன்று இளவரசர்களுக்கு ஆறு மாதத்தில் அரசியல் அறிவு புகட்டுவதாகச் சொல்லிக் கதை சொல்லத் தொடங்குகிறார். பாடம் எல்லாம் மிருகங்களின் வாயிலாகத்தான். ஐந்து பகுதி என்பதால் பஞ்சதந்திரம். முதல் பகுதி நட்பைப் பிரிப்பது பற்றியது. காட்டு ராஜா சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற காளைக்கும் நட்பு உண்டாகிறது. கரடகன், தமனகன் என்று ரெண்டு நரிகள். தமனகன் ரெண்டு பக்கமும் போய்க் கோள் சொல்லி, கடைசியில் சிங்கத்தின் கையாலேயே காளையைக் கொல்ல வைக்கிறது. சமஸ்கிருதத்தில் இருக்கிற இந்தக் கதையில் தமனகனுக்கு ஒரு தண்டனையும் இல்லை. சிங்கம் கொஞ்சம் கவலைப்படுகிறது, பிறகு தமனகனையே மந்திரியாக வைத்துக்கொண்டு ஆட்சி செய்கிறது. இந்த முடிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்டவர் குஸ்ரோ அனூஷிர்வான். 531 தொடக்கம் 579 வரை ஆட்சி. அவருடைய அரண்மனை வைத்தியர் புர்ஸோய் இந்தியாவுக்கு வந்தார். செத்தவரை எழுப்பும் மூலிகை ஒன்று இந்திய மலைகளில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தார், கடைசியில் ஒரு அறிஞர் "அந்த மூலிகை ஒரு புத்தகம், செத்தவர் என்பது அறிவில்லாதவர்" என்று விளக்கினார் என்று ஒரு பழைய கதை உண்டு. அந்தக் கதை எப்படியோ, புத்தகம் போனது உண்மை. புர்ஸோய் அதைப் பஹ்லவி மொழிக்கு மாற்றினார். அது பழைய பாரசீக மொழி. அந்தப் பிரதி இன்று இல்லை, தொலைந்துவிட்டது. ஆனால் தொலைவதற்கு முதல் அதிலிருந்து ரெண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று சிரியாக் மொழிக்கு, மற்றது அறபுக்கு.

அறபுக்குக் கொண்டு வந்தவர் இப்னுல் முகஃப்பா. பாரசீகர், பிறகு இஸ்லாத்தைத் தழுவியவர். பஸ்ராவில் அரச அலுவலகங்களில் எழுத்தராக வேலை செய்தவர். 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் எழுதிய 'கலீலா வ திம்னா' அறபு உரைநடையின் ஆரம்பகால நூல்களில் மிக முக்கியமானது. தலைப்பைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கரடகன், கலீலா. தமனகன், திம்னா. அதே ரெண்டு நரிகள்தான்!

இப்னுல் முகஃப்பா வெறும் மொழிபெயர்ப்பாளராக நிற்கவில்லை. அந்த அநியாயமான முடிவை அவரால் பொறுக்க முடியவில்லை போல. கலீலா வ திம்னாவில் புதிதாக ஒரு அத்தியாயம் இருக்கிறது. திம்னாவின் விசாரணை. பெரும்பாலும் இவரே சேர்த்தது என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காளை செத்த பிறகு, கலீலா திம்னாவைத் திட்டுவதை ஒரு சிறுத்தை ஒளிந்திருந்து கேட்டுவிடுகிறது. அது சிங்கத்தின் தாயிடம் போய்ச் சொல்கிறது. திம்னாவைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். விசாரணை நடக்கிறது. திம்னா வாய்ச் சாமர்த்தியத்தால் ஒவ்வொருவரையும் மடக்குகிறது. சந்தேகத்தின் பேரில் யாரையும் தண்டிக்க முடியாது, சாட்சி எங்கே என்று கேட்கிறது. கடைசியில் சிறுத்தை முன்னுக்கு வந்து சாட்சி சொல்கிறது. சிறையில் பேசியதைக் கேட்ட இன்னொரு மிருகமும் சாட்சி சொல்கிறது. ரெண்டு சாட்சிகள் பொருந்திய பிறகுதான் தீர்ப்பு. இடையில் கலீலா கவலையிலேயே செத்துவிடுகிறது.

ஒரு இந்தியக் கதைக்குள் இஸ்லாமிய நீதிமன்றத்தின் வழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. கதை வேறு ஊருக்குப் போனதால் ஒன்றும் குறையவில்லை. ஒரு அத்தியாயம் கூடியது.

சரி, படத்துக்கு வருவோம். பிள்ளைகள் முதலில் கை வைப்பது படத்தில் என்று சொன்னேன் இல்லையா? இது நேற்று வந்த பழக்கம் இல்லை. இப்னுல் முகஃப்பாவின் பெயரில் இருக்கிற முன்னுரை இந்தப் புத்தகத்துக்கு நாலு நோக்கங்கள் சொல்கிறது. முதலாவது, மிருகங்கள் பேசுவதாக எழுதினால் விளையாட்டுப் பிரியமுள்ள இளசுகள் ஆசையாக வாசிப்பார்கள் என்பது. ரெண்டாவது, மிருகங்களைப் பல நிறங்களில் வரைந்து காட்டினால் அரசர்களின் மனசு மகிழும் என்பது. மூன்றாவது, அப்படி எல்லாரும் விரும்பினால் பிரதிகள் பெருகும், புத்தகம் அழியாது, எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் பிழைப்பு நடக்கும் என்பது. நாலாவது நோக்கம் தத்துவம் தேடுகிறவர்களுக்கு உரியது. அதைத் தேடுகிறவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். இளம் வாசகர், நிறப் படம், பிரதி எண்ணிக்கை, ஓவியரின் கூலி. இன்றைக்குச் சிறுவர் புத்தகம் போடுகிற பதிப்பாளர் ஒருவரும் இதே கணக்கைத்தான் போடுவார்.

அந்தப் படங்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இன்றைய தஜிகிஸ்தானில் உள்ள பஞ்சிகெந்த் என்ற பழைய நகரத்தில் 8ஆம் நூற்றாண்டு வீட்டுச் சுவர்களில் சிங்கமும் முயலும் கதை ஓவியமாக இருக்கிறது. ஜாவாத் தீவில் மெண்டுத் என்ற 9ஆம் நூற்றாண்டுப் பௌத்தக் கோயிலின் சுவரில், குச்சியைக் கவ்விக்கொண்டு அன்னங்களோடு பறக்கிற வாயாடி ஆமை சிற்பமாக இருக்கிறது. அறபுப் பிரதிகளில் இன்று கிடைக்கிற பழைய படப் பிரதி ஒன்று 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அது பாரிசில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1354இல் எழுதி முடித்த இன்னொன்று ஒக்ஸ்ஃபோர்டில் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். யானைகளும் முயலும், காக்கைகளும் ஆந்தைகளும், பெரிய கண்களோடு ரெண்டு நரிகள். நம்முடைய எந்தப் பிள்ளைக்குக் காட்டினாலும் கதை தெரியாமலே சிரிக்கும்.

உயிருள்ளவற்றை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களுக்குள் வேறு வேறு கருத்து இருக்கிறது. எங்கட ஊர் வீடுகளிலும் சுவரில் உருவப் படம் மாட்டாதவர்கள் பலர். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. நான் சொல்வது நடந்த வரலாறு மட்டும். முஸ்லிம்கள் ஆண்ட நகரங்களில், முஸ்லிம்கள் வாசித்த ஒரு புத்தகத்தில், நூற்றாண்டு நூற்றாண்டாக இந்த மிருகங்களை வரைந்திருக்கிறார்கள். அக்பரின் அரண்மனையிலும் இதன் பாரசீக வடிவங்களுக்குப் படம் வரைந்தார்கள். 1588இல் அபுல் ஃபஸ்ல் இதே கதைகளை எளிய பாரசீகத்தில் 'இயாரே தானிஷ்' என்று திரும்பவும் எழுதினார்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, மிருகங்கள் ஊருக்கு ஊர் மாறுகிற விதம். குரங்கும் முதலையும் கதை தெரியும்தானே. நாவல் மரத்துக் குரங்கு முதலைக்குப் பழம் போடும். முதலையின் பெண்டாட்டி குரங்கின் ஈரலைக் கேட்பாள். குரங்கு "ஈரலை மரத்தில் வைத்துவிட்டு வந்துட்டேன்" என்று சொல்லித் தப்பும். அறபுக் கதையில் முதலை இல்லை, ஆமை வருகிறது. நாவல் மரம் அத்தி மரமாகிறது. ஈரல் என்று கேட்பதும் இதயம் என்று கேட்பதும் சொல்கிறவருக்குச் சொல்கிறவர் மாறும். ஆனால் மட்டக்களப்பு வாவிக் கரையில் வளர்ந்த எங்களுக்கு முதலையை மாற்றத் தேவையில்லை. வாவியில் இன்னமும் முதலை இருக்கிறது. தோணியில் போகிறவர்களிடம் கேட்டால் முதலைக் கதை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இன்னொன்று கீரிக் கதை. இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே கேட்டிருக்கிறேன். என்ட உம்மம்மா சொல்வா. அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. "ஒரு பொம்புள கீரிப்புள்ள ஒண்ட ஆசையா வளத்தாளாம். தொட்டில்ல புள்ளயப் போட்டுப் போட்டு, கீரியக் காவலுக்கு வெச்சிப் போட்டுத் தண்ணிக்குப் போனாளாம். மறுகா வந்து பாத்தா, கீரிட வாயெல்லாம் ரெத்தம்." அந்த இடத்தில் உம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பா. பிறகுதான் குடத்தைத் தூக்கிக் கீரியின் மேல் போட்டதையும், உள்ளே போய்ப் பார்த்தால் பிள்ளை சிரித்துக்கொண்டு கிடந்ததையும், தொட்டிலடியில் பாம்பு துண்டு துண்டாகக் கிடந்ததையும் சொல்வா. "விசாரிக்காமக் கை வெக்கப்படாது மனே" என்று முடிப்பா.

இதுவும் பஞ்சதந்திரக் கதைதான். கலீலா வ திம்னாவில் அந்தப் பெண்ணின் இடத்தில் ஒரு வணக்கசாலி வருகிறார். கீரியின் இடத்தில் அதே இனத்தைப் போன்ற மரநாய் வகைப் பிராணி ஒன்று. ஐரோப்பாவுக்குப் போனதும் அது நாயாகிவிட்டது. வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்ற கிராமத்தில், ஓநாயிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றியும் எசமானிடம் குத்துப்பட்டுச் செத்த நாயின் சமாதி என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். தமிழில் இது எவ்வளவு பழசு தெரியுமா? சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் வருகிறது. கீரியைக் கொன்ற பாவத்தால் கணவன் விட்டுப் போன ஒரு பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து உதவியதை மாடலன் சொல்கிறான். கோவலனின் கதைக்குள் இருக்கிற கீரியும், பஸ்ராவில் அறபு பேசிய பிராணியும், வேல்ஸ் நாட்டு நாயும் ஒன்றுதான். ஏறாவூரில் எழுத்தறியாத என் உம்மம்மாவிடம் அது எந்த வழியால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? தமிழ் வழியாகவா, அறபு வழியாகவா? அவவுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. வளவுக்குள் கீரி ஓடுகிறது, பாம்பும் வருகிறது. கதைக்கு அது போதும்.

அறபிலிருந்து கதை எங்கெல்லாம் போனது என்று ஒரு பட்டியலே போடலாம். 11ஆம் நூற்றாண்டில் கிரேக்கம், 12ஆம் நூற்றாண்டில் எபிரேயம், 1251இல் ஸ்பெயினின் கஸ்தீலிய மொழி, 13ஆம் நூற்றாண்டில் லத்தீன். 1483இல் ஜேர்மனியின் உல்ம் நகரத்தில் மரக்கட்டையில் செதுக்கிய படங்களோடு அச்சில் வந்தது. கூட்டன்பெர்க் பைபிள் அச்சாகி அப்போது முப்பது வருசம்கூட ஆகவில்லை. அச்சு வந்ததும் ஐரோப்பியர்கள் படம் போட்டு விற்ற ஆரம்பப் புத்தகங்களில் இதுவும் ஒன்று. 1570இல் தோமஸ் நோர்த் ஆங்கிலத்தில் கொடுத்தார். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் 1678இல் தன்னுடைய ரெண்டாவது கதைத் தொகுதியில், இந்திய ஞானி பில்பேய்க்குத் தான் கடன்பட்டிருப்பதாக எழுதினார். பில்பேய் என்பது கலீலா வ திம்னாவில் கதை சொல்கிற பித்பாய் என்ற பெயர் திரிந்தது.

தமிழ் உரைநடைக்கு இது வந்ததும் நேர் வழியில் இல்லை. சென்னையில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகளைப் படிப்பிக்கக் கோட்டைக் கல்லூரி என்று ஒன்று 1812இல் தொடங்கியது. அங்கே தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் வசனத்துக்குக் கொண்டு வந்தார். 1826இல் அச்சானது. அதிகாரிகள் தமிழ் படிக்கவும் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கவும் அது பாடநூலாகப் பல பதிப்புகள் கண்டது. கவனியுங்கள், "எங்கட சாமான்" என்று என் கூட்டாளி சொன்ன புத்தகம் தமிழ் வசனத்துக்கு வந்தது மராத்தியிலிருந்து, அதுவும் ஆங்கில அதிகாரிகளின் தேவைக்காக.

பிறகு படக்கதைக் காலம். 1947இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா, பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு வந்தது. ஓவியர் சங்கர் வரைந்த வேதாளத்தைப் பார்க்காத பழைய தலைமுறை இல்லை. என்ட வாப்பாவும் அந்தத் தலைமுறைதான். ஒரு தகரப் பெட்டி நிறைய அம்புலிமாமாவும் காமிக்ஸ் புத்தகங்களும் வைத்திருந்தாராம். அதில் பாதி செங்கலடியில் இருந்த ஒரு கூட்டாளியிடம் மாற்றி வாங்கியவை. சனிக்கிழமைகளில் சைக்கிளில் போய் ஐந்து கொடுத்து ஐந்து வாங்கி வருவது வழக்கம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் யார் படம் இருக்கிறது என்று அந்த ரெண்டு பொடியன்களும் பார்த்ததாக வாப்பா சொல்லவில்லை. கடைசிப் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய கவலை.

1990 ஆகஸ்டில் ஒரு இரவு விடுதலைப் புலிகள் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு இராணுவத்தினர்தான் பொறுப்பு என்று உயிர் தப்பியவர் சாட்சி சொன்னார். ரெண்டு இடத்திலும் செத்தவர்களில் குழந்தைகள் நிறையப் பேர். அதற்குப் பிறகு வாப்பாவின் சைக்கிள் அந்தப் பக்கம் போகவில்லை. பெட்டியும் அந்த ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. அதில் அந்தக் கூட்டாளியின் ஐந்து புத்தகங்கள் இருந்தன என்பதை வாப்பா இன்றைக்கும் சொல்வார்.

நான் பிறந்தது இதற்கெல்லாம் பிறகு. எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். தமிழ்ப் பாடப் புத்தகம் ஒன்றேதான், ஆனால் அதை ஒரே வாங்கில் இருந்து வாசித்ததில்லை. "அவங்கட கதை", "எங்கட சாமான்" என்ற பேச்சு வருவது இந்த இடைவெளியிலிருந்துதான். மாமியையோ கூட்டாளியையோ குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமியின் பக்கத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. லக்னோவைச் சேர்ந்த பெரிய அறிஞர் அபுல் ஹஸன் அலி நத்வி 1940களில் பிள்ளைகளுக்கான எளிய அறபில் நபிமார் கதைகளை எழுதத் தொடங்கினார். அதன் முன்னுரையில், கதை கேட்க இவ்வளவு ஆசைப்படுகிற பிள்ளையின் கையில் பூனை, நாய், சிங்கம், ஓநாய், குரங்குக் கதைகளே கிடைக்கின்றன என்று கவலைப்படுகிறார். அந்த நூல் பல நாடுகளின் மத்ரஸாக்களில் பாடநூல். பிள்ளைக்குத் தன்னுடைய முன்னோரின் கதை தெரிய வேண்டும் என்ற அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு அவர் கண்ட வழி, அதைவிட நல்ல கதையை அழகாக எழுதிக் கொடுப்பது. பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையாக விடுவதில்லை.

நம்முடைய மரபுக்கும் மிருகங்கள் அந்நியம் இல்லை. குர்ஆனில் பசு, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை என்ற பெயர்களிலேயே அத்தியாயங்கள் இருக்கின்றன. சுலைமான் நபியின் படை வருகிறது, புற்றுக்குள் போங்கள் என்று ஒரு எறும்பு மற்ற எறும்புகளுக்குச் சொல்கிறது. ஹுத்ஹுத் பறவை தூர நாட்டுச் செய்தி கொண்டு வருகிறது. தமிழில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒன்று உண்டு. வேடனிடம் அகப்பட்ட மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று கெஞ்சுகிறது. நபிகள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. இதைவிட நல்ல சிறுவர் படக்கதைக்கு என்ன வேண்டும்? மானையும் குட்டியையும் மட்டும் வரைந்தாலே போதும், நபிகளை வரையத் தேவையில்லை.

இந்தத் தீவில் மூன்றாவது அயலவரும் இருக்கிறார். சிங்களப் பிள்ளைகள் இந்தக் கதைகளில் பலவற்றை ஜாதகக் கதைகளாகக் கேட்டு வளர்கிறார்கள். வாயாடி ஆமையும் முதலையை ஏமாற்றிய குரங்கும் அங்கேயும் உண்டு. சிபில் வெத்தசிங்க 1956இல் 'குட ஹொரா' என்ற படக்கதையை எழுதித் தானே படமும் வரைந்தார். குடையையே காணாத கிராமத்துக்கு ஒரு மாமா குடை வாங்கி வருகிறார், அது களவு போகிறது, திரும்ப வாங்குகிறார், திரும்பவும் களவு. கடைசியில் பார்த்தால் கள்ளன் ஒரு குரங்கு. அதில் மந்திரியும் இல்லை, ராஜாவும் இல்லை. காலிப் பக்கத்துக் கிராமம் ஒன்று அப்படியே இருக்கிறது. அந்தப் புத்தகம் எத்தனையோ மொழிகளுக்குப் போனது. 2020இல் அவர் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார். தன் ஊரை வரைந்தால் உலகம் வாசிக்காது என்று பயப்படுகிறவர்களுக்கு அவர் ஒரு பதில்.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு போன மாதம் மாமி வீட்டுக்குப் போனேன். பிரசங்கம் செய்யவில்லை. போனில் அந்த 1354ஆம் வருசத்துப் படங்களைக் காட்டினேன். மேலே கீழே அறபு எழுத்து, நடுவில் ரெண்டு நரி. மாமி எழுத்தைக் கூட்டி வாசித்தார். "கலீலா... திம்னா." பிறகு என்னைப் பார்த்தார். "இது அதே கதையா மகன்?" அதே கதைதான் மாமி, முடிவு மட்டும் வேற என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மௌலவியிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பாக்கன்" என்றார். மறுத்துச் சொல்லவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பிள்ளை தானாகவே வந்து புத்தகத்தைக் கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசிப்பு மூலையில் ரெண்டு முடிவையும் சொன்னோம். தமனகன் மந்திரியாகிற முடிவு, திம்னா பிடிபடுகிற முடிவு. எது நல்லது என்று கேட்டதும் ஒரே சத்தம். பொடியன்கள் எல்லாம் திம்னாவுக்குத் தண்டனை வேணும் என்று நின்றார்கள். ஒருத்தன் மட்டும் "மந்திரியாகிறதுதான் உண்மையா நடக்கிறது" என்றான். பத்து வயசுதான் இருக்கும் அவனுக்கு. செங்கலடிக் கூட்டாளியும் அன்றைக்கு வந்திருந்தான். அவன் ஒன்றும் பேசாமல் சிரித்தான்.

அந்த எட்டு வயசுப் பிள்ளை கடைசியில்தான் கை தூக்கினாள். "கலீலாக்கு எல்லாம் தெரியும்தானே. அது ஏன் முதல்லயே சிங்கத்துக்கிட்டச் சொல்லல்ல?"

பயந்திருக்கும் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்களும் ஒரு தீர்ப்புக்காகக் காத்திருக்கிறவர்களும் இந்த வாவிக்கரையில் ரெண்டு பக்கமும் இன்னமும் இருக்கிறார்கள். எங்களில் யாரும் பதில் சொல்லாததால், அவள் புத்தகத்தைத் திறந்து சிறுத்தை ஒளிந்திருந்து கேட்கிற படம் எங்கே என்று தேடத் தொடங்கினாள். அது அந்தப் புத்தகத்தில் இல்லை. நாங்கள்தான் வரைய வேண்டும் என்றேன். யாரோ ஒரு பொடியன் பென்சில் எடுக்க வீட்டுக்கு ஓடினான்.